ஊதா நிறத்தை எடுத்த வாரம்

ஒரகடத்தில் பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் உதவிப் பக்கங்கள் எழுதுவது என் வேலை. மெஷினில் மோல்டு என்கிற அச்சை மாற்றுவது எப்படி, சிவப்பு விளக்கு எரிந்தால் எதை முதலில் பார்ப்பது என்று படிப்படியாக எழுதுவேன். லைனில் ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கும். அதில் இடது ஓரத்தில் பொருளடக்கம் தெரியும். ஒவ்வொரு தலைப்பும் ஒரு லிங்க். எழுதுவதும் திருத்துவதும் நான்தான், எழுத்துக்கு நிறம் தீட்டுவதும் நான்தான். அறைக்கு வெளியே டிபார்ட்மெண்ட் என்று பெரிதாகப் பலகை தொங்குகிறது. உள்ளே இருப்பது நான் ஒருத்தி.

குடியிருப்பது சுங்குவார்சத்திரத்தில், ஒரு மாடி அறையில். காலையில் டீக்கடைக்காரரிடம் சர்க்கரை கம்மி என்று சொல்வேன், கம்பெனி பஸ் டிரைவருக்குத் தலையாட்டுவேன். அதற்குப் பிறகு மாலைவரை வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராத நாட்கள் உண்டு. ஒருநாள் மாலை தங்கை போனில் கூப்பிட்டபோது என் குரல் கரகரத்தது. ஜலதோஷமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பேசாமல் இருந்து தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

தனிமையைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். எழுதுவதை யாராவது படிக்கிறார்களா என்பது தெரியாததுதான் என்னை அரித்தது. எத்தனை பேர் பக்கத்தைத் திறந்தார்கள் என்று காட்டும் வசதியைச் செய்துதருவதாக ஐடி ஆட்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

வேலை குறைவாக இருந்த ஒரு வாரம் பொருளடக்கத்தை அழகுபடுத்த உட்கார்ந்தேன். திறக்காத லிங்க் நீலம், ஒருமுறை திறந்தது ஊதா, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோடு. பிரவுசர் தானாகக் கொடுக்கும் அலங்காரம் இது. பாதி நீலமும் பாதி ஊதாவுமாக அதைப் பார்க்கவே எனக்குச் சகிக்காது. கோட்டை எடுத்தேன். எல்லாத் தலைப்புக்கும் ஒரே கருஞ்சாம்பல் நிறம் கொடுத்தேன். வரிகளுக்கு நடுவே மூச்சுவிட இடம் விட்டேன். நான்கு நாள் ஆயிற்று. எழுந்து தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தேன். யாரிடமாவது காட்டினால் தேவலை போலிருந்தது. அந்த நேரத்தில் ஆபீஸ் மாடியில் இருந்தவர் ஏசி மெக்கானிக் ஒருவர்தான். வெட்கத்தை விட்டு அவரிடமே காட்டினேன். “நல்லா கீது மேடம்” என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலையே புதிய பொருளடக்கத்தை லைன் டேப்லெட்டுகளில் ஏற்றிவிட்டேன். அதிலிருந்து மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். லைனில் வேலை பார்க்கும் பெண். இருபத்தைந்து வயது இருக்கும். தலையில் போட்ட வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

“இன்னா மேடம், கலரை எடுத்துட்டீங்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். மோல்டு மாற்றுவதற்குப் பதினான்கு பக்கங்கள் எழுதியிருக்கிறேன். ஒரு ஷிஃப்டில் அந்த வேலை முடியாது. போகிறவர்கள் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், வருகிறவர்களிடம் நின்று பேச நேரம் இருக்காது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். செய்யப்போகும் வேலையின் பக்கத்தை மட்டுமே திறக்க வேண்டும். திறந்தால் அதை முடிக்காமல் போகக்கூடாது. அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவள் பொருளடக்கத்தைப் பார்ப்பாள். ஊதாவாக இருப்பது முடிந்தது, நீலமாக இருப்பது அவள் பங்கு. பதினான்கும் முடிந்ததும் பிரவுசர் ஹிஸ்டரியை அழித்துவிட்டால் எல்லாம் மறுபடி நீலமாகிவிடும்.

“நேத்து எல்லாம் ஒரே கலரா இருந்துச்சு. மோல்டுக்குப் போற தண்ணி பைப்ப முன் ஷிஃப்ட்லயே டைட் பண்ணிட்டாங்கன்னு நெனச்சிகினு மெஷினை ஓட்டிட்டேன். தரையெல்லாம் தண்ணி. சூப்பர்வைசர் எல்லாரு முன்னாடியும் கிழிச்சுட்டாரு மேடம்.”

சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. என்னால் ஒருத்தி திட்டு வாங்கியிருக்கிறாள், எனக்கோ சந்தோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படிக்கிறார்கள்! வெட்கம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

மன்னிப்புக் கேட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கருத்துச் சொல்ல ஒரு லிங்க் இருக்கிறதே, அதை அழுத்தியிருந்தால் எனக்கு உடனே தெரிந்திருக்குமே என்றும் கேட்டேன்.

“அதுவா? அத்த அமுக்குனா எங்கியோ போவும்னு வுட்டுட்டோம். உள்ள ஆளு கீறாங்கன்னு யாருக்குத் தெரியும்? மூணு டிபார்ட்மெண்ட்ல கேட்டுகினு வந்தேன் மேடம்.”

உட்காரு, டீ சொல்கிறேன் என்றேன். பிரேக் பத்து நிமிஷம்தான் என்றாள். “ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். அதுக்குள்ள போட்டுடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

நிறத்தைத் திரும்பக் கொண்டுவர இரண்டு வரி போதும். அந்தக் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது. மற்ற லைன்களிலும் இதே குழப்பம் இருக்கும், அங்கிருந்தும் யாராவது புகார் சொல்ல வருவார்கள் என்று ஒரு நப்பாசை. கதவைத் திறந்தே வைத்திருந்தேன். படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எல்லாம் என் அறையைத் தாண்டிப் போன காலடிகள். மணி ஒன்றரை ஆனபோது இன்னொருத்தி என்னால் தண்ணீரில் நிற்பாள் என்ற நினைப்பு வந்து என்னை உலுக்கியது. இரண்டு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஊதாவைப் போட்டேன். அடிக்கோட்டை மட்டும் திருப்பித் தரவில்லை. அந்தளவு அகம்பாவம் எனக்கு உண்டு.

அன்று மாலையே, பக்கங்களின் அடியில் இருந்த வாசகத்தையும் மாற்றினேன்: ‘இதை எழுதுகிறவர் இரண்டாவது மாடியில், படிக்கு எதிர் அறையில் இருக்கிறார். குறை இருந்தால் வந்து சொல்லலாம்.’

மாதங்கள் ஓடிவிட்டன, ஒருவரும் வரவில்லை. அப்படியென்றால் குறை இல்லை, வேலையை ஒழுங்காகப் பார்க்கிறேன் என்று அர்த்தம். இப்படியே ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தால் இனி யாரும் அந்தக் கதவைத் தட்டப்போவதில்லை.