விசாக நட்சத்திரத்துத் தடுப்பாட்டக்காரன்

அர்ச்சனைச் சீட்டில் நான்காவதாக அந்தப் பெயரைச் சொன்னதும், சீட்டு எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிரெஞ்சுப் பெயர். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். விசாகம் என்றேன், கொஞ்சமும் தடுமாறாமல்.

தடுமாற என்ன இருக்கிறது? முதல்நாள் பின்னேரம் அரைமணித்தியாலம் குந்தியிருந்து பார்த்த வேலை அது. பிறந்த தேதியும் ஊரும் அணியின் இணையப் பக்கத்தில் இருந்தன. நேரம் மட்டும் கிடைக்கவில்லை. மத்தியானம் பன்னிரண்டு என்று போட்டேன். ஃபோனில் இருக்கிற பஞ்சாங்கம் விசாகம் என்றது. என் மனுசன் கிரிக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, "உம்மட ஹொக்கிக்காரனுக்குச் சாதகமும் எழுதிறீரோ?" என்று கேட்டார்.

"ஓம், எழுதிறன். நீங்கள் உங்கட மட்டையடியைப் பாருங்கோ."

விஷயம் இதுதான். அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ட்ரேட் டெட்லைன். அணிகள் தங்கள் ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளக் கடைசி நேரம். எங்கள் நகரத்து ஐஸ் ஹொக்கி அணியில் எனக்கு மிகவும் பிடித்த தடுப்பாட்டக்காரனைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று இரண்டு வாரமாக வானொலியில் ஒரே கதை. ஒப்பந்தம் கோடையோடு முடிகிறதாம். வயதும் முப்பதைத் தாண்டிவிட்டதாம். அவனைக் கொடுத்தால், வருகிற கோடையில் ஒரு பதினெட்டு வயதுப் பெடியனைத் தெரிவுசெய்கிற உரிமை கிடைக்குமாம். கையில் இருக்கிற ஆளைக் கொடுத்துவிட்டு, முகமே தெரியாத ஒருவனுக்காகக் காத்திருக்கிற புத்தியை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்களோ தெரியாது.

அவன் பெரிய ஆளில்லை. வருடத்துக்கு இரண்டு கோல் போட்டால் அதிகம். அவனுடைய வேலை விழுவது. எதிராளி மட்டையை ஓங்கினால், பக் என்கிற அந்த ரப்பர் வட்டுக்கு முன்னால் விழுந்து உடம்பைக் கொடுப்பான். பிறகு எழும்பி, நொண்டி நொண்டித் தன் இடத்துக்குப் போவான். கோல் போடுகிறவனுடைய படம் பேப்பரில் வரும். இவனைப் பற்றி வருவதென்றால் எந்த எலும்பு முறிந்தது என்றுதான் வரும்.

புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்கிற கிடங்கில், பெட்டி கட்டுகிற மேசையடியில் நின்று இதையெல்லாம் பிரெஞ்சில் வாதாடியிருக்கிறேன். நடக்கப் பழகுமுன்னமே பனியில் சறுக்கப் பழகின இந்த ஊர்க்காரர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். இப்போது ஏதாவது சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருகிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. எங்கள் மகள் வேலை கிடைத்து மேற்கே, விமானத்தில் நாலு மணித்தியாலத் தூரத்துக்குப் போனதிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் மூன்று பேருக்கு அர்ச்சனை: மனுசன், நான், மகள். அன்றைக்கு நாலாவது ஆளுக்கு வந்தபோது ஐயர் ஒரு கணம் நின்றார். அவருடைய பிள்ளைகள் படிப்பது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில். "விசாக நட்சத்திரே ஜாதஸ்ய" என்று தொடங்கி, அந்தப் பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லி, "நாமதேயஸ்ய" என்று முடித்தார். எனக்கு உடம்பு புல்லரித்தது.

பின்னால் நின்றவர், பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிற அக்கா. என் தோளைத் தொட்டார்.

"மருமகனோ? ஒரு சொல்லும் சொல்லேல்லை."

"மருமகன் இல்லை அக்கா. எங்கட ஹொக்கி டிஃபென்ஸ்மன்."

"ஏன், அவருக்கு என்ன வருத்தம்?"

"வருத்தம் ஒண்டுமில்லை. மூண்டு மணிக்குள்ள வேற ரீமுக்குக் குடுத்திடுவினமோ எண்டு பயமாக் கிடக்கு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஐயர் சிரிக்கவில்லை, கற்பூரத்தைக் காட்டினார்.

இரண்டு நாற்பதுக்குச் செய்தி வந்தது. கொடுத்துவிட்டார்கள். மேற்கே ஒரு அணிக்கு.

நான் அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், வளவளவென்று கதைக்கிற தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து அழுதேன். மனுசன் ஒன்றும் பகிடி விடவில்லை. எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

பின்னேரம் அவனைக் காட்டினார்கள். பனியரங்கின் பின்வாசலில், தோளில் பையோடு நின்றான். யாரையும் குறை சொல்லவில்லை. தன் உடுப்புத் தோய்த்தவர்களுக்கு முதல் நன்றி சொன்னான், பிறகுதான் முதலாளிக்கு. மனுசனை உலுக்கி, "பாத்தீங்களோ, எங்கட பிள்ளை" என்றேன். ஞாயிறு பின்னேரம் புது அணிக்கு விளையாடினான். சட்டையின் நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஐந்து நிமிடத்துக்குள் பக்குக்கு முன்னால் போய் விழுந்தான், எழும்பினான், நொண்டினான். அந்த ஊர்ச் சனம் எழுந்து நின்று கைதட்டியது. அவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, எனக்கு ஆறு வருடமாகத் தெரியும்.

அடுத்த வெள்ளி சீட்டில் மூன்று பெயர்தான் எழுதுவித்தேன். வேறு அணிக்காரனுக்கு நான் ஏன் அர்ச்சனை செய்ய வேண்டும் என்று ஒரு வீம்பு. ஐயர் சீட்டை வாங்கிப் பார்த்தார், மறுபக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"விசாகம் எங்கை?"

"அவர் மேற்குக்குப் போயிட்டார் ஐயா. மூண்டு மணிக்கு முதலே குடுத்திட்டினம்."

"மகளும் அங்கைதானே" என்றார் ஐயர். தட்டை ஏந்தியபடி அப்படியே நின்றார்.

எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. மேல்மாடி அக்காவும் அதில் நின்றார். நான் அவனுடைய பெயரைச் சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி.