மச்சினனைக் காட்டிக்கொடுக்கச் சொல்லும் கேமரா

பிளசன்டனில் நான் கார் ஓட்டும் அழகைப் பார்த்துப் போலீஸ்காரனே சல்யூட் அடிப்பான். அப்பேர்ப்பட்ட எனக்கு இன்று தபாலில் அபராத டிக்கெட்! சிவப்பு விளக்கைத் தாண்டினேனாம். சிக்னல் கம்பத்துக் கேமரா எடுத்த போட்டோவும் உள்ளே இருந்தது.

போட்டோவில் ஓட்டுவது நானில்லை, என் மச்சினன். ஊரிலிருந்து வேலைக்கு வந்து, என் வீட்டிலேயே தங்கி, என் காரையே ஓட்டுகிறவன்.

கலிபோர்னியா சட்டப்படி ஓட்டியவனுக்குத்தான் தண்டனை. நானில்லையென்றால் ஓட்டியவன் பேரை எழுதி அனுப்ப வேண்டுமாம். தூ! சொந்தக்காரனைக் காட்டிக்கொடுக்க ஒரு சட்டம்!

ஆனாலும் பேனாவை எடுத்தேன். மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

"ஏங்க, என் தம்பிக்கு கிரீன் கார்டு வர்ற நேரம். அவன் பேர எழுதுனா எல்லாம் கெட்டுப்போயிடும். நீங்கதான் ஓட்டுனதா ஒத்துக்கோங்க."

"போட்டோல மூஞ்சி தெரியுதேடி!"

"ரெண்டு பேருக்கும் மீசை இருக்குல்ல? வெள்ளைக்காரனுக்கு நாமெல்லாம் ஒரே மாதிரிதான்."

அந்தத் திருட்டு முழியும் என் ராஜகளையும் ஒன்றாம்! பேனாவைத் திரும்ப வாங்கி, நானே ஓட்டியதாகக் கையெழுத்துப் போட்டேன். இனி ஒரு சனிக்கிழமை முழுக்க, விதி மீறியவர்களுக்குப் பாடம் நடத்தும் டிராஃபிக் ஸ்கூல் பெஞ்சில் நான்.

நியூ ஜெர்சியில் இந்தக் கேமராவே கிடையாதாமே? அங்கே ஐசலின் ஊர்ப் பக்கத்து நண்பர்களே, ஒரு வீடு பார்த்துச் சொல்லுங்கள். விலாசம் மட்டும் மச்சினனுக்குத் தெரியக் கூடாது.