வடக்குக் காற்றும் எட்டுக் கூரைப் பற்களும்

அறுபது பேர் வகுப்பில் நான்கே பெண்கள். அந்த நால்வரில் ஒருத்தியாக மதுரையில் சிவில் படித்து முடித்தது. "பொம்பளப்பிள்ளைய சைட்டுக்கு அனுப்ப முடியாது" என்று இரண்டு ஆபீஸ்கள் கைவிரித்த பிறகும் மூன்றாவதில் வேலை வாங்கியது. சாரத்தில் ஏறித் தளத்துக்குக் கட்டிய கம்பிகளை எண்ணிச் சரிபார்த்தபோது சிரித்த கொத்தனார்களையே, "செத்த பாத்துச் சொல்லுங்கம்மா" என்று கேட்க வைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் கயிற்றுக்கடை அல்லா பிச்சையின் இளைய மகள் ஜெய்னப் இவ்வளவையும் இருபத்து நான்கு வயதுக்குள் சாதித்தாள். ஆனால் அவள் உழைத்த எந்த வரைபடத்திலும் அவள் பெயர் இருக்காது. ஆபீஸ் முதலாளி பால்ச்சாமியின் கையெழுத்துதான் இருக்கும்.

ஆபீஸ் ராஜபாளையத்தில் இருந்தது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கூரைக்கு ஒருவர் கணக்குத் தாள் போடுவார், தூண்களுக்கு இன்னொருவர். தகடு பிய்த்துக்கொண்டு போகாமலிருக்கக் கூரைக்காரர் காற்றைக் கணக்கிடுவார். சுவரில் மோதும் காற்றைத் தூண்காரர் கணக்கிடுவார். கூரையில் மோதும் காற்று தூணையும் பக்கவாட்டில் தள்ளுமே, அது இருவர் தாளிலும் வராது. தாழ்ந்த சாய்ப்புக் கூரைக்கு அது சின்னத் தொகை என்பதால் யாரும் கண்டுகொண்டதில்லை.

1991 ஜூலையில் ஒரு நூற்பாலைக் கொட்டகை வேலை வந்தது. கூரை ரம்பப் பல் போல எட்டு வரிசை. வெளிச்சத்துக்காக ஒவ்வொரு பல்லிலும் ஆறடி உயரக் கண்ணாடி, வடக்குப் பார்த்து. தாள்களைச் சரிபார்க்கும் பொறுப்பு ஜெய்னபுக்கு. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் விடுபட்டது அவள் கண்ணில் பட்டது. கூரைமேல் எட்டுக் கண்ணாடிச் சுவர்கள் நிற்கின்றன. தூண் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

ஞாயிறன்று வீட்டில் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். எட்டாவதோடு நின்று தையல் மிஷினில் உட்கார்ந்த அக்கா அசீனா எண்களை உரக்க வாசிக்க, ஜெய்னப் ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். தூண் தாங்கவேண்டியது மூன்றில் ஒரு பங்கு கூடியது. தூண்களுக்கு அஸ்திவாரக் குழி தோண்டி முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காங்கிரீட். அதைப் போட்டுவிட்டால் திருத்த வழியில்லை.

திங்கள் காலை பால்ச்சாமியிடம் சொன்னாள்.

"ஏம்மா, நம்ம ஊர்க் காத்து மலைப்பக்கமிருந்துல்லா வருது? மேக்குக் காத்துக்கு அந்தக் கண்ணாடி வெறும் ஓரந்தான."

"ஐப்பசிப் புயலும் மேக்கேயிருந்தா வருது சார்? அது வடக்கேயிருந்தும் அடிக்கும்ல."

தூண் தாளைப் போட்ட சாகுல் ஹமீது பக்கத்து மேசையிலிருந்து சிரித்தார். "மொதப் பல்லு மறைச்சிருமே, பொறவு மத்த ஏழுக்கும் ஏது காத்து? எல்லா எலைக்கும் பரிமாற இது என்ன கல்யாணப் பந்தியா?"

"பின்னாடி எலைக்கும் கொஞ்சம் விழும்ண்ணே. காத்துக்கான விதிப் புத்தகத்துல கொறைச்சுத்தான் குடுத்திருக்கு, நானும் கொறைச்சுத்தான் எடுத்திருக்கேன். அப்படியும் இம்புட்டு வருது."

பால்ச்சாமியின் முகம் இறுகியது. "தோண்டுன குழிய மறுபடி தோண்டுன்னு மில்காரங்ககிட்ட நான் போய்ச் சொல்லணும். உங் கணக்கு தப்பா இருந்துச்சுன்னா, இங்க உனக்கு வேலை கெடையாது பாத்துக்க."

"சரி சார். வெள்ளிக்கிழமை காங்கிரீட்டை மட்டும் நிறுத்திருங்க."

 பால்ச்சாமி தாள்களை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனார். செவ்வாய்க்கிழமை முழுவதும் வெளியே தலைகாட்டவில்லை. ஜெய்னப் மதியத்துக்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

புதன் மதியம் அவர் மில்லுக்குப் போன் செய்யும் சத்தம் கேட்டது. "காங்கிரீட்ட நிப்பாட்டுங்க. குழி எல்லாப் பக்கமும் இன்னும் அரையடி அகலமாகணும். தூணுக்குப் பதினாறு மில்லி கம்பி பத்தாது, இருபது வேணும்." பிறகு அவளைக் கூப்பிட்டார். அவர் போட்ட கணக்கில் அவளுடையதைவிடச் சற்று அதிகமாகவே வந்திருந்தது.

"ஏலே சாகுல், இனிமே கூரைத் தாளைப் பாக்காம தூணைத் தொடாத" என்றார். வரைபடத்தின் 'வடிவமைத்தவர்' கட்டத்தில் முன்கூட்டியே போட்டிருந்த தன் கையெழுத்தைப் டிரேசிங் தாள் கிழியாமல் பிளேடால் சுரண்டினார். பொடியை ஊதிவிட்டுப் பேனாவை நீட்டினார்.

"மில்லுல கேள்வி கேட்டா நீதான பதில் சொல்லணும்? போடும்மா."

அவள் 'அ. ஜெய்னப்' என்று எழுதி, கீழே தேதியிட்டாள்: 17.7.1991.