மூன்றரைக்கு மேலே

குணசுந்தரி கவரைப்பேட்டை பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். டிப்ளமோ முடித்து, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதித்துக்கொண்டிருந்தாள். பிறகு தோழி ஜெபாவோடு சேர்ந்து சின்ன ஷெட் ஒன்றை வாடகைக்குப் பிடித்தாள். கிணற்றில் தண்ணீர் இறங்கினால், மோட்டார் கருகும் முன் கத்துகிற அலாரம்தான் அவர்கள் சரக்கு.

ஒரு காலை, குப்புராஜ் என்ற விவசாயி அலாரத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"இன்னாம்மா இது? லைட்டு எரியுது, சத்தமே வரல. மோட்டாரு காயிலு கருகிப் பூட்ச்சு!"

ஜெபா ஷெட்டில் இருந்த அடாப்டரில் கரண்ட் கொடுத்து, தண்ணீர் இறங்கியதுபோல் செய்து பார்த்தாள். அலாரம் ஷெட்டே அதிரக் கத்தியது.

"நல்லாத்தானே இருக்கு அண்ணே?"

"அப்போ நான் பொய் சொல்றனா?"

"இல்லண்ணா," என்றாள் குணசுந்தரி. "வாங்க, உங்க கெணத்தாண்டயே பாத்துடலாம்."

மோட்டார் கொட்டகையில் நுழைந்ததுமே அவள் கண்ணில் பட்டது, பிளக்கில் தொங்கிய செல்போன் சார்ஜர்.

"நீங்க குடுத்த அடாப்டரு எரிஞ்சிடுச்சும்மா. இது சும்மா கெடந்துச்சு, ஒயரை அறுத்து முறுக்கிட்டேன்."

அவர் கொடுத்தது ஐந்து வோல்ட். அவள் கொடுத்தது பன்னிரண்டு. உள்ளே இருக்கும் கம்பேரேட்டர் இரண்டு வோல்டேஜை ஒப்பிட்டு எது பெரிது என்று சொல்லும் சிப்பு. தண்ணீரைப் பார்க்கும் சென்சாரின் வோல்ட், அவள் வைத்த அளவுகோலுக்குக் கீழே இறங்கினால் அலாரம் கத்த வேண்டும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. சப்ளைக்கு ஒன்றரை வோல்ட் கீழே வரைக்கும்தான் ஒழுங்காக ஒப்பிடும். ஐந்து வோல்ட்டில் அது மூன்றரை. அவள் வைத்திருந்த அளவுகோலோ நான்கு வோல்ட். தண்ணீர் குறைந்தபோது சென்சார் மூன்றே முக்காலுக்குத்தான் இறங்கியது. இரண்டுமே எல்லைக்கு மேலே. சிப்பு சொன்னதை நம்ப முடியாது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் ஜெபா கேட்டாள்: "அடாப்டர மாத்துனது அவருதானேடி? நம்ம மேல இன்னா தப்பு?"

"பன்னெண்டு வோல்ட்டுதான் போடணும்னு பெட்டி மேல எழுதுனோமா? எழுதியிருந்தாலும், அவசரத்துல ஆளுங்க கையில கெடைக்கறதத்தான் சொருகுவாங்க. நம்ம போர்டு அதையும் தாங்கணும்."

அளவுகோலையும் சென்சாரின் வோல்ட்டையும் ரெசிஸ்டர் வைத்துப் பாதியாகக் குறைத்தாள். நான்கு இரண்டானது; மூன்றே முக்கால் இரண்டுக்கும் கீழே போனது. இனி ஐந்தானாலும் பன்னிரண்டானாலும் எல்லைக்குள்தான். விற்ற போர்டுகளையெல்லாம் திரும்ப வாங்கி மாற்றித் தருவது என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

குப்புராஜின் மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டியதும், அதே சார்ஜரைப் போட்டு அவர் கிணற்றை இறைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் குறிக்குக் கீழே இறங்கிய உடனே அலாரம் வீறிட்டது. குப்புராஜ் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

"பலே! என் தம்பி கெணத்துக்கும் ஒண்ணு போடும்மா."

"போட்டுடலாம்ணா. அவரு எந்தச் சார்ஜர் வேணா வெச்சிருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டாள் குணசுந்தரி.