முட்டைக்குள் ஊட்டிய சஹர்

2004 நவம்பர் 8, திங்கட்கிழமை. இருபத்திமூன்றாம் நோன்பு. மூட்டம், ஆனால் மழை இல்லை. சஹருக்குச் சோறும் ரசமும் முதல் நாள் வைத்த மீன் குழம்பும். விடியும் முன்பே சாப்பிட்டு முடித்தோம். தொழுகைக்குப் பிறகு பின்கட்டு அறையைக் கூட்டிப் பினாயில் போட்டுத் துடைத்தேன். இன்குபேட்டர் காலியாக இருந்தது. காலியாக இருந்தாலும் அதன் வெப்பமானியைக் காலையிலும் மாலையிலும் பார்த்துவிடுவது என் வழக்கம். தண்ணீர்த் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன். துணி துவைத்தேன். கொடியில் போட்டால் காயாது என்று தெரிந்தும் போட்டேன்.

அன்று வேண்டுமென்றே செய்யாமல் விட்ட வேலை ஒன்றுதான். சமையலறை மூலையில் இரண்டு அட்டைப் பெட்டிகளில் பத்துப் பத்துக் கோழிக்குஞ்சுகள் இருந்தன. அவற்றுக்குத் தீனியும் வைக்கவில்லை, தண்ணீரும் வைக்கவில்லை. தேனியிலிருந்து வியாபாரியின் போன் வரும்வரை வைப்பதில்லை என்று நான்தான் சொல்லியிருந்தேன். பச்சைக் கயிறு கட்டிய பெட்டி, வெள்ளைக் கயிறு கட்டிய பெட்டி. இரண்டும் கத்திக்கொண்டிருந்தன.

"மனுசங்க நோன்பு பத்தாதுன்னு குஞ்சுக்கும் நோன்பா?" என்று என் கணவர் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார்.

"உங்க குஞ்சுங்கதான். நீங்க கேட்ட பரீட்சைதான்" என்றேன்.

அவர் பதினாறு வருடம் சவுதியில் ஒரு பெரிய கோழிப் பொரிப்பகத்தில் வேலை பார்த்தவர். நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், வீட்டின் பின்கட்டில், ஒரு சின்ன இன்குபேட்டரை வைத்து நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்றேன். எப்படி முட்டையைத் திருப்ப வேண்டும், எப்போது டார்ச் அடித்து உள்ளே கருவைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் அங்கிருந்து கேசட்டில் பேசி அனுப்புவார். குடும்ப விஷயம் ஒரு பக்கம், முட்டை விஷயம் மறுபக்கம். முட்டைப் பக்கம்தான் எப்போதும் நீளமாக இருக்கும்.

அந்த வருடம் தையில் அவர் வேலையை விட்டுவிட்டு வந்தார். முதல் சில மாதம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. நான் வைத்த இடத்தில் வெப்பமானி இருக்காது. பஞ்சைத் தேடினால் ஸ்பிரிட் பாட்டிலும் சேர்ந்து காணாமல் போயிருக்கும். பிறகு பழகிவிட்டது. ஒருவர் முட்டையைத் திருப்ப, ஒருவர் டார்ச் பிடிக்க, வேலை பாதி நேரத்தில் முடியும் என்பது எனக்குப் புதிய செய்தி.

புரட்டாசியில் ஏஜென்ட் போன் செய்தார். பழைய கம்பெனியிலேயே கூப்பிடுகிறார்கள், விசா தயார், நவம்பர் 25க்குள் விமானம் ஏற வேண்டும். அதே வாரத்தில் தேனி வியாபாரியும் போன் செய்தார். எங்கள் குஞ்சுகளில் பாதிக்கு மேல் அவர்தான் எடுப்பவர். இரவு முழுக்க வேனில் போய் இறங்கும்போது குஞ்சுகள் துவண்டு போயிருக்கின்றன, அடுத்த முறையும் இப்படியே வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்றார்.

என் கணவர் இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டார். "இந்தத் தடவ குஞ்சு நல்லபடியா போய்ச் சேந்தா நான் இங்கயே இருந்துடறேன். இல்லேன்னா இந்தச் சின்னப் பெட்டிய நம்பி ரெண்டு பேரு எதுக்கு? நான் போயிட்டு வரேன்."

இருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் இருந்துவிடுவார், பிறகு ஒவ்வொரு முறை மின்சாரம் நிற்கும்போதும் நான் சொன்னது அவருக்கு ஞாபகம் வரும். அதனால், எப்படி நல்லபடியாகப் போய்ச் சேரும் என்று மட்டும் கேட்டேன்.

சவுதியில், அடை வைத்த பதினெட்டாம் நாள், முட்டைக்கு மெஷினில் தடுப்பூசி போடுவார்கள். அங்கிருந்த எகிப்து டாக்டர், இதே வழியில் குஞ்சுக்குச் சத்தும் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று இவரிடம் சொல்லியிருக்கிறார். குஞ்சு பொரிவதற்கு முன் தன்னைச் சுற்றியிருக்கும் நீரைத் தானே குடித்துவிடும். அந்த நீரில் கொஞ்சம் சர்க்கரையும் புரதச் சத்தும் சேர்த்துவிட்டால், குடிக்கும்போது அதுவும் உள்ளே போகும். வெளியே வந்து தீனியைப் பார்க்கும்வரை தாங்கும்.

"நோன்பு வைக்கிறதுக்கு முன்னாடி நாம சஹர் சாப்பிடறோம்ல? அதேதான். வேன்ல கெடக்குற நேரம் அதுக்கு நோன்பு. நாம முன்னாடியே ஊட்டிவிட்டுடறோம்" என்றார். பிறகு, கேசட்டில் ஒருபோதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "அங்க ரமலான்ல நான் பட்டினியோட நிப்பேன், லாரிக்காகக் குஞ்சுங்க பட்டினியோட நிக்கும். அதுங்க கத்துறத கேட்டுக்கிட்டேதான் வேலை பாப்பேன்."

நவம்பர் 3 அன்று ஊட்டினோம். எப்படியும் பதினெட்டாம் நாள் முட்டைகளைத் திருப்பும் தட்டிலிருந்து பொரிக்கும் தட்டுக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றும் வேளையில் செய்தோம். மருந்துக்கடையில் வாங்கிய சலைனில் அவர் சத்தைக் கலந்து வைத்திருந்தார். குளிர்ந்த நீர் பட்டால் கரு அதிர்ந்துவிடும் என்பதால், டீ பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி அதற்குள் பாட்டிலை நிறுத்தினோம். நான் முட்டையின் அகன்ற முனையில் டார்ச் அடித்துக் காற்றறையைக் காட்டி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் கொடுப்பேன். அவர் ஓட்டில் ஊசிமுனை அளவு துளையிட்டு, மெல்லிய ஊசியை இறக்கி, சில சொட்டு செலுத்துவார். நான் மெழுகு வைத்து அடைப்பேன்.

ஒவ்வொரு முட்டைக்கும் அவர், இறைவன் பெயரால் தொடங்கும் "பிஸ்மி" சொன்னார். ஊட்டும்போது சொல்லாமல் எப்படி என்றார். பிரதான தெருவில் கறிக்கடை வைத்திருக்கும் என் கொழுந்தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இப்பவே நீங்க பிஸ்மி சொல்லிட்டா கடைசியில அறுக்கும்போது சொல்ல எங்களுக்கு என்ன வேல?"

"ஒனக்கு வேல வர்ற வரைக்கும் அது உசுரோட இருக்கணும்ல? அதுக்குத்தான்டா இது" என்றார் இவர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எல்லா முட்டைக்கும் போட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். நான் ஒப்பவில்லை. மேல் தட்டுக்கு மட்டும் ஊட்டுவோம், கீழ்த் தட்டை அப்படியே விடுவோம் என்றேன். ஊட்டாதது பக்கத்தில் இல்லாவிட்டால் ஊட்டியது என்ன செய்தது என்று எதை வைத்துச் சொல்வது? சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுச் சரி என்றார்.

சனிக்கிழமை பொரிந்தன. மேல் தட்டில் பொரியாமல் நின்ற முட்டைகள் கீழ்த் தட்டை விட அதிகம். ஓட்டை உடைத்துப் பார்த்தபோது சிலவற்றில் துளைக்கு அருகிலேயே கரு நின்றுபோயிருந்தது. அங்கே மெஷின், இங்கே கைதானே என்று நான் சொன்னேன். அவர் அன்று நோன்பு திறந்ததும் ஒரு பேரீச்சம்பழத்தோடு எழுந்துவிட்டார்.

ஆனால் வந்தவை நன்றாக வந்திருந்தன. ஞாயிறு மாலை மேல் தட்டுக் குஞ்சுகளைப் பச்சைக் கயிற்றுப் பெட்டிகளிலும் கீழ்த் தட்டுக் குஞ்சுகளை வெள்ளைக் கயிற்றுப் பெட்டிகளிலும் அடுக்கி வேனில் ஏற்றினோம். வியாபாரியிடம் போனில் ஒருமுறை சொன்னேன். டிரைவரிடம் இரண்டு முறை சொன்னேன். இரண்டு வகையிலும் பத்துப் பத்துக் குஞ்சை வீட்டில் நிறுத்திக்கொண்டேன். வேனில் போகிறவற்றுக்குக் கிடைக்காதது இவற்றுக்கும் கிடைக்கக் கூடாது. அப்போதுதான் என் கண்ணால் பார்க்க முடியும்.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். பதினோரு மணிக்கு, எங்களுக்கு முட்டை கொடுக்கும் அம்மாள் கூடையோடு வந்தார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத் தெரு. முன்பு நடவுக்குக் கூலிக்குப் போன குடும்பம். இப்போது சொந்தமாக ஒரு மா நிலமும் கொல்லை நிறையக் கோழியும். சம்பா நடவு முடித்த சேறு காலில் காயாமல் இருந்தது.

"என்னக்கா, இப்படிக் கத்துதுங்க? சோறு போடலியா?"

"போன் வரணும். வந்ததும் போடுவேன்."

"பொறக்காததுக்கு ஊட்டுறீங்க, பொறந்ததப் பட்டினி போடுறீங்க. நல்ல வீடு இது" என்று உட்கார்ந்துகொண்டார். "சரி, அதைச் சொல்லுங்க. அண்ணன் இருக்காரா, போறாரா? இருந்தா முட்ட கூட வேணும்பீங்க. போனா பழைய கணக்கு. எங்க தெருவுல சொல்லி வைக்கணும்ல?"

"எனக்கே தெரியல."

"கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா சொல்லிடுவாரு. அதான் கேக்கல."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கூடையோடு முட்டையை வைத்துவிட்டுப் போனார்.

போன் வந்தபோது மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு முடிந்திருந்தது. என் கணவர் பள்ளிவாசலில் இருந்தார். நான்தான் எடுத்தேன்.

"இந்தத் தடவ தேவலைம்மா" என்றார் வியாபாரி. "செத்ததும் கம்மி. நல்லா ஓடுதுங்க."

"பச்சைக் கயிறா, வெள்ளையா?"

"என்ன கயிறு?"

"பெட்டியில கட்டியிருந்தேனே. பச்சைப் பெட்டி எப்படி இருக்குன்னு தனியா பாக்கச் சொன்னேனே."

"அட ஆமாம்மா. சொன்னீங்க. எறக்குன வேகத்துல எல்லாத்தையும் ஒண்ணா கொட்டிட்டேனே. கயிறு கெடக்கு, வேணும்னா எடுத்து வைக்கட்டுமா?"

கயிறு வேண்டாம் என்றேன். அடுத்த ஈடு எப்போது என்று கேட்டார். சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

கணவர் வந்ததும் அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார், சிரித்துவிட்டு, "அப்ப எதுவும் தெரியாது. இந்த வாரம் மழ கொறச்சல், குளிரும் இல்ல. அதனாலகூட நல்லா போயிருக்கும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பதினாறு வருடம் அடுத்தவர் கம்பெனியில் இருந்தாலும் தன்னை ஏமாற்றிக்கொள்ளப் பழகாதவர். அந்த நியாயம் எனக்கு அன்று பிடிக்கவில்லை.

"வாங்க" என்று சமையலறைக்குக் கூட்டிப்போனேன்.

இரண்டு பெட்டிகளையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தேன். ஒரே மாதிரி இரண்டு தட்டில் நொய்யும், இரண்டு மூடியில் தண்ணீரும் வைத்தேன். வெள்ளைக் கயிற்றுப் பெட்டியில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. மூன்று மட்டும் மெதுவாக நகர்ந்து வந்தன. மற்றவற்றை நான் எடுத்து அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. பச்சைக் கயிற்றுப் பெட்டியில் நான் தட்டை வைக்கும் முன்பே என் விரலைக் கொத்தின. தட்டின் மேல் ஏறி நொய்யைச் சீய்த்து வெளியே தள்ளின. ஒன்று மட்டும் மூலையில் சுருண்டிருந்தது. அதையும் அவரிடம் காட்டினேன். காட்டாமல் இருந்தால் என் மனம் ஒப்பாது.

அவர் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அந்தச் சுருண்ட குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"துளைய இன்னும் கொஞ்சம் ஓரமா போடணும்" என்றார். "நடுவுல போட்டதுலதான் நெறய நின்னுருக்கு. ஊசியும் ஒரு நம்பர் சின்னதா வாங்கணும்."

"ம்."

மாலை பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வாங்கி வந்தார். பாங்கு சொன்னதும் நோன்பு திறந்தோம். இரண்டாவது கோப்பைக் கஞ்சி ஊற்றும்போது, கூடையைப் பார்த்தபடி கேட்டார்: "முட்ட எத்தன இருக்கு? நாளைக்கே வச்சுடலாமா?"

"வைக்கலாம்."

"நாளைக்கு வச்சா பதினெட்டாம் நாள் என்னைக்கு வருது?"

சுவரில் நோன்புக் காலண்டருக்குப் பக்கத்தில் எங்கள் தினக் காலண்டர் தொங்கியது. எனக்குப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. "இருபத்தேழு. சனிக்கிழமை" என்றேன். விமானம் ஏறக் கடைசி நாள் இருபத்தைந்து. அது அவருக்கும் தெரியும்.

"சனிக்கிழமைனா நல்லது. தம்பிக்குக் கடையில வேல கம்மியா இருக்கும், டார்ச் பிடிக்கக் கூப்பிட்டுக்கலாம். நீ மெழுக மட்டும் பாரு. ஊசிய நான் போட்டுக்கறேன்." கஞ்சியைக் குடித்தார். "ஏஜென்ட்டுகிட்ட காலைல பேசணும். ஞாபகப்படுத்து."

"ஞாபகப்படுத்தறேன்" என்றேன். கஞ்சியில் உப்பு குறைவு என்று அன்று இருவருமே சொல்லவில்லை. தினமும் எழுதும் டைரியில் மட்டும் எழுதி வைத்தேன்.

மறுநாள் காலை, சஹருக்கு அடுப்பு பற்றவைக்கும் முன்பே, இருவரும் பின்கட்டுக்குப் போனோம். கை கழுவிக்கொண்டோம். அவர் முட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார். நான் அகன்ற முனை மேலே இருக்கும்படி தட்டில் அடுக்கி, இன்குபேட்டரின் கதவை மூடினேன்.