செல்லத்தாய் பார்க்காமல் விட்ட கறைகள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் முதலுதவி அறையைப் பதினாறு வருடம் பார்த்துக்கொண்டேன். ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு பச்சைத் திரை. நர்சிங் உதவியாளர் பயிற்சி முடித்தவள் என்பதால் எல்லோருக்கும் நான் ‘சிஸ்டர்’. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அந்தக் கட்டிலில் படுத்து எழுந்துபோன பெண்களில் இன்றும் நான் அதிகம் தேடுவது செக்கிங் பிரிவுச் செல்லத்தாயைத்தான்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கணவன் இசக்கிமுத்துவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. தைத்து வந்த சட்டைகளை டியூப்லைட் வெளிச்சத்தில் மேசைமேல் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று கண்டதிலெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. அவள் கண்ணைத் தாண்டி ஒரு நூல்பிசிறு போகாது.

மாதம் இரண்டு முறை ஒற்றைத் தலைவலி வரும். அதற்கு அவள் வைத்த பெயர் நாத்தனார்.

“சிஸ்டரக்கா, நாத்துனா வந்துட்டா. கட்டிலக் காலி பண்ணுங்க.”

“போன வாரந்தான வந்துட்டுப் போனா?”

“அவளுக்கென்ன, பஸ்ஸுக்கு டிக்கெட்டா எடுக்கணும்?”

அந்த நாத்தனாரின் வழக்கம் எனக்கும் மனப்பாடம். காலையில் கொட்டாவியாக வரும். பிறகு வலது பொட்டில் இடிக்கும். வெளிச்சம் ஆகாது, கறை எடுக்கும் மருந்தின் நெடி பட்டால் குமட்டும். ஒரு மாத்திரை கொடுத்துத் திரையை இழுத்துவிட்டால் மூன்று மணி நேரத்தில் எழுந்து டீ கேட்பாள். காலைச் சாப்பாட்டை விட்ட நாளிலும், ஓவர்டைம் பார்த்துத் தூக்கம் கெட்ட மறுநாளிலும் வலி தவறாமல் வந்தது. காலண்டரில் குறித்துவரச் சொன்னேன், குறித்தாள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் நான் மாத்திரை தருவதில்லை. அளவு மீறினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். இதற்காக என்னைக் கஞ்சம் என்று செக்கிங் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு வருடம், ஊர்ப்பக்கம் கடற்கரையில் இருக்கும் குலசை அம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்டிருந்தாள். மகள் காய்ச்சலில் பிழைத்ததற்காக மூன்று வருடம் குறத்தி வேஷம் கட்டுவதாக நேர்ச்சை. அது மூன்றாவது வருடம்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருந்தது. சூப்பர்வைசர் சதீஷ்குமார் ஒரு கை நிறைய வெள்ளைச் சட்டைகளோடு என் அறைக்கு வந்தான்.

“ஏனுங்க சிஸ்டர், செல்லத்தாய்க்கு ஒரு மாத்திரை குடுங்க. தலவலின்னு இத்தனை பீஸுலயும் கறையப் பாக்காம விட்டிருக்குதுங்க. சரக்கு வாங்கற பையரோட ஆளு வந்து நிக்கறாருங்க.”

சட்டைகளைக் கட்டிலில் விரித்தேன். வலப்பக்கக் குறை ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் இருந்தது. இடப்பக்கப் பாதியில் ஒன்றுகூட இல்லை. உள்ளங்கை அகல எண்ணெய்க் கறையைக்கூட விட்டிருந்தாள். அசதியில் விட்டிருந்தால் இரண்டு பக்கமும் விட்டிருப்பாள்.

செல்லத்தாய் உள்ளே வரும்போது இடது தோள் கதவில் இடித்தது.

“நாத்தனாரா?” என்றேன்.

“இல்லக்கா, இது வேற ஆளு. நாலு நாளா போவ மாட்டேங்கா. படுத்தாக் கூடுது, குனிஞ்சாக் கூடுது.”

“நாலு நாளா ஏன் எங்கிட்ட வரல?”

“நீங்கதான் மாத்திரைய எண்ணுவீகளே. மெடிக்கல்ல வாங்கிப் போட்டுக்கிட்டேன்.”

என் மூக்கைப் பார்க்கச் சொல்லி, அவளுக்கு இடப்பக்கமாக விரலை ஆட்டினேன். எத்தனை விரல் என்று கேட்டேன்.

“எங்க ஆட்டுதீக?”

சதீஷ்குமாரை வெளியே அனுப்பிவிட்டு, மெடிக்கலில் வேறு என்ன வாங்கினாய் என்று கேட்டேன். விரத நாளில் தூரம் வரக்கூடாது என்று, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மூன்று வாரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். கோயில், கல்யாணம் என்றால் எங்கள் கம்பெனியில் பாதிப் பெண்கள் இதைத்தான் செய்வார்கள். கடையிலும் டாக்டர் சீட்டு கேட்பதில்லை. போதாததற்கு ஒருவேளைச் சாப்பாடு, தண்ணீரும் குறைவு.

“கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு.”

“வேஷத்துணியெல்லாம் தச்சாச்சுக்கா. இந்த வருசம் விட்டா நேர்ச்ச முடியாது. ஊருக்குப் போயிட்டு வந்து பாக்கேன்.”

“ராத்திரி பூரா பஸ்ஸுல உக்காந்தா, குலசையில நீ உசுரோட எறங்கறது சந்தேகம் கண்ணு. அப்பறம் நேர்ச்சைய ஆரு முடிக்கறது?”

அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. சதீஷ்குமார் கம்பெனி வேனை வரவழைத்தான். கோயமுத்தூர் போகும் வழியில் அவளுக்கு வலிப்பு வந்து இடது கை வெட்டி இழுத்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பார்த்தேன். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, அவள் கையில் கொடுக்க ஒரு ஸ்பேனரை நீட்டினார். “அதை வெச்சுட்டு வண்டிய ஓட்டுங்க” என்றேன்.

மூளையிலிருந்து ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு என்று ஸ்கேன் சொன்னது. அந்தத் தள்ளிப்போடும் மாத்திரையும் உடம்பில் நீர் வற்றியதும் சேர்ந்தால் சிலருக்கு ரத்தம் உறைந்துபோகும் என்றார் டாக்டர். பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தாள். தசரா அவள் இல்லாமலே முடிந்தது.

தவறில் எனக்கும் பங்கு உண்டு. மாத்திரையை எண்ணினேனே தவிர, எப்போது கட்டாயம் வர வேண்டும் என்று அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு லைனாகப் போய்ச் சொன்னேன். பழகிய தலைவலி பழகிய மாதிரி வந்தால் ஓய்வெடுங்கள். அதன் குணம் மாறினாலோ, ஒரே நொடியில் உச்சத்துக்குப் போனாலோ, பார்வையும் பேச்சும் கைகாலும் தடுமாறினாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, தலையில் அடிபட்டபின் வந்தாலோ, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கினாலோ ஷிப்மெண்டைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்று மாதத்தில் அவள் பார்வை ஏறக்குறைய முழுதும் திரும்பியது. மறுவருடம் மாலையோடு வந்து நின்றாள்.

“மாத்திர போடலக்கா. தூரம் வந்தா வரட்டும், கடக்கரையிலயே நின்னு கும்புட்டுக்கிடுதேன்.”

வந்தது. அவள் கடற்கரையில் நின்றுகொண்டு, தைத்துவைத்திருந்த குறத்தி வேஷத்தை இசக்கிமுத்துவுக்குக் கட்டிக் கோயிலுக்குள் அனுப்பினாள். திரும்பி வந்ததும் செல்போனில் படத்தைக் காட்டினாள். பாசிமணி, கொண்டை, கூடை, அத்தனைக்கும் நடுவே முறுக்கிய மீசை. செக்கிங் பிரிவில் பத்து நிமிடம் வேலை நடக்கவில்லை.

“மீசைய எடுக்கச் சொன்னேன்க்கா,” என்றாள் செல்லத்தாய், “நேர்ச்ச ஒன்னோடது, மீச என்னோடதுங்காரு.”