‘இருவரும்’ என்று எழுதிய பதிவுகள்

“மார்ச் 9, ஞாயிறு. காலை 6.52. அத்திடிய சதுப்பு, இரண்டாவது மதகடி. சிறு மீன்கொத்தி, 1. காணவில்லை, குரல் மட்டும். இருவரும்.”

சென்ற ஆண்டு என் பறவைக் குறிப்பேட்டில் நான் எழுதியது இது. நாள், நேரம், இடம் எல்லாம் சரி. கடைசிச் சொல் பொய்.

அந்தச் சொல் அங்கே வந்த காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டிலிருந்து அத்திடிய அதிக தூரமில்லை. தெஹிவளைச் சந்தியில் ஒரு முச்சக்கரவண்டி பிடித்தால் விடியுமுன் போய்விடலாம். மாரிக்கு வந்த பறவைகள் திரும்பிப் போகும் மாதங்களில், ஞாயிறுதோறும், பதினொரு வருடங்களாக நானும் மனைவியும் போய்வருகிறோம். அவள் பார்ப்பாள், கேட்பாள், பெயரைச் சொல்வாள். நான் குனிந்தபடி எழுதுவேன். பறவையைக் காணாமல் குரலை மட்டும் கேட்டால், இருவரும் கேட்டிருந்தால்தான் பதிவு. ஒருவர் மட்டும் கேட்டது ஏட்டில் ஏறாது. விதி நான் வைத்தது. மனைவி அதை ஒருநாளும் மதித்ததில்லை.

“குருவி என்ன, கலியாணப் பதிவே? ரெண்டு சாட்சி வேணுமெண்டு நிக்கிறீங்கள்” என்பாள்.

அன்று மதகடியில் அவள் விரலை உயர்த்தினாள்.

“மீன்கொத்தி. சின்னது. கேக்குதே?”

மூச்சை அடக்கிக் கேட்டுப்பார்த்தேன். ஆம்பல் இலைகளுக்குக் கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“ஓம்” என்றேன்.

வத்தளையில் இருக்கும் அவளுடைய அக்காதான் காரணம். அறுபத்திரண்டாவது வயதில் அக்காவுக்கு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அதை ஓட்டிவந்த கணவர் இறந்து அப்போது நாலு வருடம். முதலில் எல்லோரும் சிரித்தோம். மூன்று வருடத்தில் அக்காவுக்குத் தங்கையின் பெயர் தெரியாமல் போனது. அந்த மார்ச்சில் என் மனைவிக்கு வயது அறுபத்தொன்று.

மார்ச் 16இல் இன்னும் மோசம். கதைத்துக்கொண்டே வந்தவள் பாதி வசனத்தில் நிற்பாள். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோலத் திரும்புவாள். சேற்றையும் பாராமல் ஒரு பற்றையை நோக்கி நாலு அடி வைத்து, தலையைச் சாய்த்து, முகம் மலர்ந்து நிற்பாள். அந்தப் பற்றையில் ஓர் இலைகூட அசையாது. அவளுக்குப் பின்னால் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அப்படி ஆறு தடவை. ஆறு தடவையும் ‘ஓம்’ சொன்னேன், ஆறு தடவையும் ‘இருவரும்’ என்று எழுதினேன். கணக்கைச் சரியாக வைக்கும் பழக்கம் மட்டும் விடவில்லை. முதல் ஞாயிறு எழுதியது உட்பட ஒவ்வொரு பொய்க்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

மார்ச் 23, காலை 6.05. மூன்றாவது மதகுக்கு அப்பால் பாவனையில் இல்லாத ஒரு படகுக் கொட்டில் இருக்கிறது. தகரக் கதவு, சங்கிலி, துருப்பிடித்த பூட்டு. மனைவி அதன் முன்னால் நின்றாள்.

“உள்ளுக்கை” என்றாள். “ஆறுமணிக்குருவி. உள்ளுக்கை நிண்டு கூப்பிடுது.”

ஆறுமணிக்குருவி இந்தியாவிலிருந்து வந்து சித்திரையோடு திரும்பிவிடுவது. விடியலிலும் மாலையிலும் ஆறு மணியளவில் இரண்டு சுரத்தில் உரக்கச் சீட்டியடிக்கும். சருகுகளுக்குள் மேயும் பறவை அது. பூட்டிய கொட்டிலுக்குள் அதற்கு என்ன வேலை?

சைக்கிளில் வந்த காவலாளியை நிறுத்தி, அவிச்சியாவின் குரல் கேட்கிறதா என்று சிங்களத்தில் கேட்டேன். சிங்களத்தில் அந்தக் குருவியின் பெயர் அது. அவர் காலை ஊன்றி நின்று காதுகொடுத்தார்.

“நெஹெ, மாத்தயா. கோஹா விதரய்.”

இல்லை, குயில் மட்டும்தான் என்றார். அந்தக் குயில் எனக்கும் நன்றாகக் கேட்டது.

மனைவி தகரத்தில் காதை வைத்தாள். “திரும்பவும்” என்றாள் மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, “திரும்பவும்.” நான் கதவைக் கையால் அடித்தேன். உள்ளே எதுவும் பறக்கவில்லை. அவள் மட்டும் துணுக்குற்று விலகி, “ஏன் பயப்படுத்துறீங்கள் அதை?” என்றாள்.

ஆறுமணிக்குருவி என்று எழுதினேன். காவலாளி பார்த்துக்கொண்டு நின்றதால் ‘இருவரும்’ எழுதக் கை வரவில்லை. அவர் போனபின் அன்று இன்னும் ஏழு ‘இருவரும்’ எழுதினேன், ஏழு புள்ளி வைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவள் என் கையிலிருந்து ஏட்டை எடுத்தாள்.

“இந்தப் புள்ளியெல்லாம் என்ன?”

“எழுத்துப் பிழை.”

“பதினொரு வருசத்தில நீங்கள் ஒரு பிழை விட்டு நான் காணேல்லை. இப்ப மூண்டு கிழமையில பதினாலோ?”

நான் ஏட்டை வாங்கக் கை நீட்டினேன்.

“அக்காவை நினைச்சனீங்கள்” என்றாள்.

“ஓம்.”

“நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். நீங்கள் ஓம் எண்டு சொல்லச் சொல்ல, சரி, எனக்கு ஒண்டுமில்லை எண்டு நிம்மதியா நித்திரை கொண்டனான்.”

வீடு வரும்வரை அவள் ஏட்டைத் திருப்பித் தரவில்லை.

மார்ச் 30, காலை 7.20. அன்று போகவேண்டாம் என்றேன். அவள்தான் முதலில் செருப்பைப் போட்டாள். பாதையோரச் செம்பரத்தையில் ஒரு தேன்சிட்டு வந்து இருந்தது, என்னிடமிருந்து பத்தடி. தொலைநோக்கியில் அதன் தொண்டை நிறைந்து தெரிந்தது. அலகு திறந்தது. தொண்டை இறகுகள் நடுங்கின. அலகு மூடி மறுபடி திறந்தது. அது தன் பலத்தையெல்லாம் திரட்டிப் பாடிக்கொண்டிருந்தது, ஒரு சத்தமும் இல்லை. தொலைநோக்கியை இறக்கித் திரும்பிப் பார்த்தேன். மனைவியின் விரல் உயர்ந்திருந்தது.

“உமக்கு இது கேக்குதோ?”

“இது கேளாமலோ? காதுக்குள்ள வந்து குத்துது.” என் முகத்தைப் பார்த்தாள். “உங்களுக்கு?”

ஏப்ரல் 5, சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் காது பரிசோதிக்கும் ஓர் இடத்துக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிபோன்ற அறைக்குள் ஹெட்போனோடு இருத்தினார்கள். பரிசோதித்த பிள்ளை தாளைக் காட்டினாள். கோடு பாதிவரை நேராகப் போய், கீழே விழுந்திருந்தது.

“அங்கிள், கீச்சுக் குரல் எல்லாம் உங்களுக்குப் போயிற்று. கொஞ்சங்கொஞ்சமாக் குறைஞ்சு வந்திருக்கும். கதைக்கிறது கேக்கிறபடியால் தெரியேல்லை.”

“நான் கதைக்கிறதும் அரைவாசிதான் கேக்கிறவர்” என்றாள் மனைவி. அந்தப் பிள்ளை சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. பெரிய பாரம் இறங்கியதுபோல ஒரு கதிரையில் அமர்ந்து சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

அங்கேயே ஏட்டை விரித்தேன். புள்ளி வைத்த பதினாலும் மெல்லிய உச்சக் குரல்கள்: மீன்கொத்தி, தேன்சிட்டு, தினைக்குருவி. பதினாலும் தீர்ந்தன. பதினைந்தாவது, புள்ளியில்லாதது, அப்படியே நின்றது. ஆறுமணிக்குருவியின் சீட்டி தாழ்ந்த சுரம், எனக்கும் கேட்டிருக்கவேண்டும். நிச்சயப்படுத்த மனைவியை வெளியே காத்திருப்பவர்களின் கூட்டத்துக்குள் அனுப்பி, அதேபோல ஒருமுறை சீட்டியடிக்கச் சொன்னேன். கதவை மூடிக்கொண்டு உள்ளே நின்ற எனக்கு இரண்டு சுரமும் தெளிவாகக் கேட்டன.

அவள் உள்ளே வந்ததும் என் முகத்தில் விடையைக் கண்டாள்.

“அப்ப, கொட்டிலுக்குள்ள?”

“காவலாளிக்கும் கேக்கேல்லை” என்றேன்.

“ம்.” ஏட்டை மூடி என் கையில் தந்தாள். “புத்தாண்டு கழியட்டும். நானும் ஒரு டொக்டரிட்டக் காட்டுறன்.”

அன்றிரவே பதினாலு ‘இருவரும்’ஐயும் சிவப்பு மையால் வெட்டினேன். ஏடு பார்க்க அசிங்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு. காதுக்கருவி வந்து நாலாம் நாள். காலையில் சதுப்பில் எனக்குத் தேன்சிட்டு கேட்டது, உடைந்த கண்ணாடியைச் சுரண்டுவதுபோல. படகுக் கொட்டிலின் பூட்டை யாரோ திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளே சேறும் ஒரு பழைய துடுப்பும் இருந்தன. ஓர் இறகுகூட இல்லை.

மாலை வீட்டில் இருந்தோம். கருவி எல்லாவற்றையும் கொண்டுவந்தது: கடற்கரை ரயில், காலி வீதி பஸ்களின் கொண்டக்டர்கள், கீழ்வீட்டில் தேங்காய் துருவும் சத்தம், என் சட்டை உரசுவது. மனைவி தேத்தண்ணீரோடு யன்னலுக்குப் போனாள். பாதியில் நின்றாள். விரல் உயர்ந்தது. “ஆறுமணிக்குருவி” என்றாள்.

நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். கீழே மதிலோரம் ஒரு மாமரம், அதன் கீழ்ச் சருகு, இருட்டத் தொடங்கிய ஒழுங்கை. ஒரு பறவை இறங்கி நிற்க முடியாத இடமல்ல. ரயில் போகும்வரை பொறுத்திருந்து காதுகொடுத்தேன். பிறகும் காதுகொடுத்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. “வியாழக்கிழமை டொக்டரிட்ட அந்தக் கொப்பியையும் கொண்டுபோகவேணும்” என்றாள். “உள்ளதை எழுதுங்கோ.”

எழுதினேன், வாசித்தும் காட்டினேன். சரி என்று தலையசைத்தாள்.

“ஏப்ரல் 20, ஞாயிறு. மாலை 6.07. வெள்ளவத்தை, வீட்டு யன்னல். ஆறுமணிக்குருவி, 1. காணவில்லை, குரல் மட்டும். மனைவி கேட்டாள். நான் கேட்கவில்லை. உறுதிப்படுத்தப்படவில்லை.”